செந்துளுவன் குலையும் ‘நம்ம’ பாடகரும்

கேள்வி: சாயாக்கடையில் மூன்று ஞாயிற்றுக்கிழமையாகத் தகராறு. திரைப்பாட்டில் எக்காலத்துக்கும் பெரிய ஆண் பாடகர் நம்ம டி.எம்.எஸ். என்பது என் கட்சி. அவங்க யேசுதாஸ்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான் என் மச்சினன். ஒரு செந்துளுவன் குலை பந்தயம். ஆசிரியர் வழவழா கொழகொழா இல்லாமல் ஒரே ஒரு பெயர் சொல்லவும்.
— ஒரு வாசகர், களியக்காவிளை

பதில்: குலை எத்தனை சீப்பு என்று எழுதாமல் விட்டுவிட்டீர்களே அண்ணாச்சி. செந்துளுவன் (வெளியூர்க்காரர்களுக்குச் செவ்வாழை) இன்று விற்கிற விலையில் ஒரு முழுக் குலையைப் பாட்டுக்காகப் பந்தயம் வைக்கிறீர்கள். நானாக இருந்தால் நம் குமரி மாவட்டத்து மட்டி வாழைக்கு மேல் போயிருக்க மாட்டேன்.

பெயர் சொல்கிறேன், அவசரப்படாதீர்கள். அதற்கு முன்னால் உங்கள் கேள்வியில் ஒரு சொல் தொண்டையில் சிக்கிய மீன்முள் மாதிரி இறங்க மாட்டேன் என்கிறது. ‘நம்ம’. நம்ம டி.எம்.எஸ்., அவங்க யேசுதாஸ். இதைச் சொல்வது களியக்காவிளையில் உட்கார்ந்துகொண்டு! கடை வாசலில் நின்று வாய் கொப்பளித்தால் தண்ணீர் கேரளாவில் விழுகிற ஊர். சாயாவில் ஊற்றிய பால் எந்த மாநிலத்து மாட்டுடையது என்று விசாரித்துவிட்டா குடிக்கிறீர்கள்?

நம் மட்டிப்பழத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு (இந்தப் பொருள் இந்த மண்ணுக்கே உரியது என்ற முத்திரை) கிடைத்தது. அதிலிருந்தே எனக்கு ஒரு சந்தேகம், எதற்கெடுத்தாலும் குறியீடு கேட்கும் காய்ச்சல் ஊரில் பரவிவிட்டது என்று. நீங்கள் கேட்பதும் அதுதான், பாடகருக்குப் புவிசார் குறியீடு. விண்ணப்பத்தை நிரப்பிப் பார்ப்போமா? விளைந்த மண்: மதுரை. அந்த ஊர் மல்லிக்கும் சுங்குடிக்கும் ஏற்கெனவே குறியீடு உண்டு, மூன்றாவதாக டி.எம்.எஸ்ஸைச் சேர்த்துவிடலாம். வீட்டில் பேசிய மொழி என்ற கட்டத்தில் சௌராஷ்டிரம் என்று எழுத வேண்டும். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அடுத்த விண்ணப்பம் பி.பி.ஸ்ரீனிவாஸ்: காக்கிநாடா. அதற்கடுத்தது எஸ்.பி.பி.: பள்ளிப்பட்டுப் பக்கம் கோனேட்டம்பேட்டை. இங்கே அதிகாரி பேனாவை மூடிவிடுவார். ஏனென்றால் அந்தத் திருத்தணி, பள்ளிப்பட்டு வட்டாரம் சித்தூர் மாவட்டத்திலிருந்து நம் பக்கம் வந்ததே 1960-ல்தான். பதிமூன்று வயதில் மற்ற பையன்களுக்கு மீசை அரும்பும். அவருக்குப் பிறந்த ஊரே மாநிலம் மாறியது.

சரி, உங்கள் மச்சினனுடைய ‘அவங்க’ ஆளுக்கு வருவோம். ஃபோர்ட் கொச்சியில் 1940-ல் பிறந்தவர், நாடக நடிகர் அகஸ்டின் ஜோசப்பின் மகன். 1961 நவம்பர் 14-ம் தேதி முதல் ஒலிப்பதிவில் அவர் பாடியது ஸ்ரீநாராயண குருவின் நான்கு வரி. அதெல்லாம் முழுக் கேரளம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் குரு என்று கும்பிட்ட செம்பை வைத்தியநாத பாகவதர் யார்? பாலக்காட்டுக்காரர், வீட்டில் தமிழ் பேசியவர். ஆக, ‘அவங்க’ பாடகருக்கு ‘நம்ம’ வாத்தியார். ‘நம்ம’ பாடகருக்கோ வீட்டில் சௌராஷ்டிரம். குலையை எந்தக் கணக்கில் வெட்டுவது?

இந்த இடத்தில் மார்த்தாண்டத்து வாசகர் ஒருவர் பேனாவைத் திறந்திருப்பார் என்று தெரியும். யேசுதாஸ் ‘திருக்கோயிலை’த் ‘தெருக்கோயில்’ ஆக்கிவிட்டார் என்று வருடத்துக்கு மூன்று கடிதம் போடுகிறவர். ஐயா, எனக்கும் காது இருக்கிறது. ஆனால் நீங்கள் அந்தக் கடிதத்திலேயே ‘ஒளிப்பதிவு’ என்று எழுதியிருந்தீர்கள். பாட்டை ஒலிப்பதிவுதான் செய்வார்கள். ளகர லகரக் கணக்கை முடித்துவிட்டு வாருங்கள், கோயிலுக்கு அப்புறம் போகலாம்.

உங்கள் கட்சியையும் குறைத்துச் சொல்லவில்லை. எம்.ஜி.ஆருக்கு ஒரு குரல், சிவாஜிக்கு ஒரு குரல் என்று டி.எம்.எஸ். கொடுத்தாரே, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாலும் வாயசைப்பது யார் என்று சொல்லிவிடலாம். ஒரே தொண்டைக்குள் இரண்டு பேரைக் குடிவைத்து, இரண்டு பேரும் சண்டை போடாமல் பார்த்துக்கொண்டவர் அவர் ஒருவர்தான். ஆனால் உங்கள் காதில் அவர் ‘நம்ம’ ஆனது அதனால் இல்லை. மைக்செட்டால்.

(மைக்செட் என்றதும் பக்கத்தைப் புரட்டுகிறவர்கள் புரட்டலாம். இந்தப் பகுதியில் மைக்செட்டைத் திட்டாத மாதம் இல்லை என்று எனக்கே தெரியும்.)

எங்கள் ஊர் கொடைவிழாவுக்கு ஒரு மைக்செட் அண்ணாச்சி வருவார். தென்னை உச்சியில் குழாயைக் கட்டிவிட்டு (எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பாறசாலை தாண்டினால் அதற்குக் கோளாம்பி என்று பேர்) பந்தலுக்குள் பெட்டியைத் திறப்பார். பிஸ்கட் டப்பாவில் ஊசிகள், பழைய வேட்டித்துணியில் சுற்றிய இசைத்தட்டுகள். மொத்தம் முப்பதுகூடத் தேறாது, அதில் பாதி டி.எம்.எஸ். விடியற்காலை நாலரைக்குத் தொடங்கினால் பகல் முழுக்க அவைதான் திரும்பத் திரும்ப. ஒரு தட்டில் கீறல். பல்லவியின் இரண்டாவது வரியில் ஊசி மாட்டிக்கொண்டு ஒரே எழுத்தை நாலு தடவை சொல்லும். அண்ணாச்சி பீடியை வாயில் வைத்தபடியே சுண்டுவிரலால் ஒரு தட்டுத் தட்டுவார், பாட்டு நகரும். எங்கள் தெருவில் அந்தப் பாட்டைப் பாடுகிறவர்கள் இன்றைக்கும் அந்த இடத்தில் ஒரு முறை திக்கித்தான் பாடுவார்கள். தெருவில் பிறந்த ஒருவன் சென்னைக்குப் போய் ஒழுங்கான தட்டில் கேட்டுவிட்டு, ‘பாட்டை வெட்டிவிட்டார்கள்’ என்று ஊருக்குக் கடிதம் எழுதினான். இதிலிருந்து பெரிய பாடகரைத் தேர்ந்தெடுத்தது யார்? நீங்களும் இல்லை, நானும் இல்லை. டப்பாவில் எந்தத் தட்டு இருந்ததோ அது. அண்ணாச்சியின் டப்பா பாறசாலைப் பக்கத்து டப்பாவாக இருந்திருந்தால் நீங்களும் மச்சினனும் கட்சி மாறி உட்கார்ந்திருப்பீர்கள்.

குழாயில் எடுபடாத குரல் ஒன்று உண்டு, ஏ.எம்.ராஜா. அந்தக் குரல் தென்னை உச்சிக்கு ஏறாது. பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்து உங்களிடம் மட்டும் சொல்வது போலத்தான் வரும். சித்தூர் மாவட்டம் ராமச்சந்திரபுரத்தில் பிறந்த தெலுங்கர். தமிழ், மலையாளம், தெலுங்கு என்று எல்லா வாசலிலும் பாடினார். ‘கல்யாணப் பரிசு’க்கு 1959-ல் இசையமைத்ததும் அவரே. 1989 ஏப்ரலில் நம் மாவட்டத்துக் கோயில் ஒன்றில் கச்சேரிக்காக வந்துகொண்டிருந்தார். வள்ளியூர் நிலையத்தில் வண்டியில் ஏறும்போது கால் தவறி விழுந்து, அங்கேயே முடிந்துபோனார். வடக்கே ஆந்திர எல்லையில் தொடங்கிய குரல், நம் வாசலுக்குச் சற்று முன்பாக. அந்த வழியாக ரயிலில் போகும்போதெல்லாம் வள்ளியூர் வந்தால் நான் புத்தகத்தை மூடிவிடுவேன்.

ஆனால் நீங்கள் கேட்ட ஒரே பெயர் அதுவும் இல்லை.

‘நம்ம’ என்பதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறீர்கள் அல்லவா, அப்படியானால் குலசேகரம் போகிற வழியில் திருவட்டாற்றில் இறங்குங்கள். ஆதிகேசவப் பெருமாளைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, கமுகறை புருஷோத்தமன் யார் என்று பத்துப் பேரிடம் கேளுங்கள். வயதானவர் ஒருவர் கை காட்டினால் உங்கள் அதிர்ஷ்டம். 1930-ல் அந்த ஊரில் பிறந்தவர். தொழில் பள்ளிக்கூட ஆசிரியர். 1955-ல் வந்த ‘ஹரிச்சந்திரா’ என்ற மலையாளப் படத்தில் ‘ஆத்மவித்யாலயமே’ பாடியவர். சுடுகாட்டில் நின்று, இதுதான் ஆன்மாவின் பள்ளிக்கூடம் என்று பாடுகிற பாட்டு. வாத்தியாரைத் தவிர வேறு யார் பாடினால் பொருந்தும்? அழவில்லை, உருகவில்லை, சங்கதி காட்டவில்லை. ஹாஜர் எடுப்பது போல நிதானமாகப் பாடியிருப்பார். இப்போது தொலைக்காட்சிப் போட்டிகளில் நடுவர்கள் ‘இன்னும் ஃபீல் வேணும்’ என்று குழந்தைகளைப் பிழிகிறார்களே, அவர்களை உட்காரவைத்து ஒரு தடவை போட்டுக் காட்ட வேண்டும்.

எழுதியவர் திருநயினார்குறிச்சி மாதவன் நாயர், மணவாளக்குறிச்சிப் பக்கத்து ஊர்தான். படம் எடுத்த மெரிலாண்ட் சுப்பிரமணியம் நாகர்கோவிலில் பிறந்தவர். அடுத்த ஆண்டு, 1956 நவம்பர் 1-ம் தேதி, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு இந்தப் பக்கம் வந்தன. மலையும் வந்தது, அணையும் வந்தது, வயலும் வந்தது. பாட்டை மட்டும் யாரும் பட்டியலில் சேர்க்கவில்லை. அது அந்தப் பக்கமே நின்றுவிட்டது.

உங்கள் பந்தயத்துக்கு என் தீர்ப்பு, கமுகறை புருஷோத்தமன். எத்தனை ஆயிரம் பாட்டு, எத்தனை விருது என்று எண்ணிக் காட்டி மச்சினன் சண்டைக்கு வருவான். எண்ணிக்கையில் யேசுதாஸ் பெரிய ஆள்தான் என்று ஒத்துக்கொண்டு, அந்த ஒரு பாட்டைப் போடச் சொல்லுங்கள். மலையாளப் பாட்டு என்பதால் அவன் எதிர்க்க மாட்டான், நம் மாவட்டத்துக்காரர் என்பதால் உங்களுக்கும் எதிர்க்க வாய் வராது.

இரண்டு பேரும் தோற்றதால் குலை ஆசிரியருக்கு. பழுக்கவைத்து அனுப்பாதீர்கள், போன ஓணத்துக்கு ஒருவர் அப்படி அனுப்பி, பஸ்ஸில் யாரோ மேலே உட்கார்ந்துவிட்டார்கள். காயாகவே சாக்கில் கட்டி, நாகர்கோவில் வண்டியில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைக்கச் சொல்லுங்கள். வடசேரியில் ஆள் நிற்கும்.