போலீஸ்காரரின் மனக்காயத்துக்குச் செலவு யார் தலையில்?

கேள்வி: என் கணவர் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் போலீஸ். இரண்டு வருடம் முன்பு துப்பாக்கிச் சூட்டில் கூட நின்றவர் இறந்தார். போன மாதம்தான் மனநல மருத்துவர் 'பிடிஎஸ்டி' (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்) என்று எழுதிக் கொடுத்தார். போலீஸாரின் மருத்துவக் காப்புத் திட்டமான போல்மெட்டில் கவுன்சலிங் முடிந்துவிட்டது. ஒருவர் கிடைக்கும் இழப்பீட்டில் 20 சதவீதம் கேட்கிறார், கோப்பை நகர்த்தித் தருவாராம். இழப்பீடு கேட்கக் காலம் கடந்துவிட்டதா?

பதில்: கடக்கவில்லை, அம்மா. முதலில் அந்த ஆளிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.

போல்மெட் மெடிக்கல் எய்ட். கட்டாயப் பலனாக, கடும் மன அதிர்ச்சிக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரி அல்லது 12 சந்திப்பு தருவார்கள். இந்த நோய்க்கு அது எந்த மூலைக்கு? வேலையால் வந்த நோய்க்கு, 'கோய்டா' எனும் 1993ஆம் ஆண்டு வேலைக் காயம், நோய் இழப்பீட்டுச் சட்டப்படி முதலாளியான அரசுதான் செலவழிக்க வேண்டும்.

கை உடைந்தால் உடைந்த நாளிலிருந்து 12 மாதக் கெடு. நோய்க்கு, மருத்துவர் கண்டுபிடித்த நாளிலிருந்து. ஒன்றை மட்டும் துழாவிப் பாருங்கள்: தூக்க மாத்திரை கொடுத்த குடும்ப டாக்டரோ வேறு எவரோ முன்பே இதே நோயின் பெயரைக் கோப்பில் எழுதியிருந்தால், கணக்கு அந்தத் தேதிக்கு இழுபடலாம். வெறும் 'ஸ்ட்ரெஸ்', 'தூக்கமின்மை' என்றிருந்தால் அது இந்த நோய் அல்ல. அதுவும் இதே நோய்தான் என்று யாராவது வாதிட்டால் விட்டுக்கொடுக்காதீர்கள். பழைய சீட்டு ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள்.

இழப்பீடு கேட்கும் படிவங்களில் டபிள்யூ.சி.எல். 14 உங்கள் வீட்டுக்காரர் நிரப்புவது, டபிள்யூ.சி.எல். 22 மருத்துவர் நிரப்புவது. கொடுத்த நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். அரசு தன் பையிலிருந்து தானே கொடுக்கும் பணம், ஆனாலும் பிரிட்டோரியாவில் இழப்பீட்டு ஆணையர் 'சரி' சொல்ல வேண்டுமாம்! சிகிச்சைச் செலவு பொதுவாக இரண்டு வருடத்துக்குத்தான். கோப்பு மேசையில் கிடக்கும் மாதங்களுக்கு யார் பதில் சொல்வது?

இனி அந்தத் தரகர். பலனை இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம் அதே சட்டத்தின் 33ஆம் பிரிவில் செல்லாது. இப்படிப்பட்டவர்கள் அசல் சீட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டு பேரம் பேசுவார்கள். பேரை மட்டும் மாற்றிய அச்சு மருத்துவ அறிக்கை தருவார்கள். அது சிக்கினால் உண்மையான நோயும் பொய்யாகத் தெரியும். 'இலாகா மேல் வழக்குப் போட்டால் லட்சக்கணக்கில் ராண்டு' என்பார்கள். வேலையில் வந்த நோய்க்கு முதலாளி மேல் நஷ்டஈட்டு வழக்கு கூடாது என்கிறது 35ஆம் பிரிவு. படிவம் நிரப்பத் துணை வேண்டுமென்றால், சந்தா கட்டும் போலீஸ் தொழிற்சங்கமான பாப்க்ருவிலோ சாப்புவிலோ கேளுங்கள்.

பதில் வரும்வரை இலாகாவின் ஊழியர் நலப் பிரிவில் இலவசமாகக் கவுன்சலிங் உண்டு, போகச் சொல்லுங்கள். மனநல மருத்துவருக்குக் கட்டும் ஒவ்வொரு ராண்டுக்கும் ரசீது வாங்குங்கள்.