மலைத் தங்குமிடத்தில் தூங்கவிடாதவர்களை எப்படிச் சமாளிப்பது?

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் குடும்பத்தோடு பிட்டோன் தே நேஜ் மலை ஏறப்போகிறோம், தங்குமிடத்தில் ஒரே அறையில் படுக்கும் மற்றவர்கள் தூங்கவிடமாட்டார்களாமே என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மைதான்.

சிகரம் 3,070 மீட்டர். கவெர்ன் துஃபூர் தங்குமிடம் சுமார் 2,500 மீட்டரில். மேலே சூரிய உதயம் பார்க்க விடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே கிளம்ப வேண்டும். ஆக, அதிகாலை மூன்று, நான்கு மணிக்கு அலாரம் அடிக்கத்தான் செய்யும்; அதற்குச் சண்டை போடாதீர்கள். தொல்லை எங்கே என்றால், அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பப் படுப்பவரிடமும், அந்நேரத்தில் பிளாஸ்டிக் கவரை உருட்டிப் பை கட்டுபவரிடமும்.

பேச வேண்டியதை ராத்திரிச் சாப்பாட்டு மேசையிலேயே பேசிவிடுங்கள். "எத்தனை மணிக்குக் கிளம்புறீங்க? பையை இப்பவே கட்டி வாசல் பக்கம் வச்சிடலாமா?" என்று கேட்டால் யாரும் கோபப்படமாட்டார்கள். இருட்டில் அதட்டினால் அறையே விழித்துக்கொள்ளும். கண்ணில் விளக்கடித்தால் "லா லுமியேர், சில் வூ ப்ளே" (பிரெஞ்சில் "விளக்கு, தயவுசெய்து") போதும். மசியாதவரை நிர்வாகியிடம் விட்டுவிடுங்கள்.

குறட்டைக்குப் பேச்சு உதவாது, காதடைப்பான்தான். பஞ்சுபோன்ற நுரை வகையை மெல்லிசாக உருட்டி, மறு கையால் காதை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு அரை நிமிடம் விரலால் பிடியுங்கள். பாதி வெளியே நின்றால் சத்தம் அப்படியே வரும். ஒரு சிக்கல்: உங்கள் அலாரமும் கேட்காது. மணிக்கட்டில் அதிரும் கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள்.