கீமோவுக்குப் போகிறவருக்கு ஒரு மஞ்சப்பை

கேள்வி: எங்கள் மகளிர் குழுவில் ஒருவர் சென்ற ஆண்டு மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்துத் தேறிவிட்டார். அதிலிருந்து, கோவைக்கு முதல் கீமோ போடப் போகிறவர்களுக்கு ஆளுக்கொரு மஞ்சப்பை கொடுக்க ஆசைப்படுகிறோம். ஆப்பிள், மல்லிகைப்பூ, வாசனை சோப்பு, ஈரோட்டு மஞ்சள் தூள், புதுச்சேலை என்று பட்டியல் போட்டிருக்கிறோம். சரிதானா?
- ஒரு வாசகி, சென்னிமலை

பதில்: அம்மணி, இந்தப் பட்டியலைச் சிகிச்சை முடித்த அந்தப் பெண்ணிடம் காட்டினீர்களா? சோப்பையும் மல்லிகையையும் அவரே அடித்து நீக்கியிருப்பார். கீமோ தொடங்கிய பிறகு பலருக்கு வாசனை என்றாலே குமட்டும். கீமோ போட்டுக்கொண்ட என் அக்கா, கடுகு தாளிக்கும் வாசத்துக்கே எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார்.

பூவோடு பழமும் வேண்டாம் என்பதற்கு வேறொரு காரணம் உண்டு. அவற்றில் கிருமி ஒட்டியிருக்கலாம். மருந்து ஏறிய 7 முதல் 14 நாட்களில் கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துவிடும். அப்போது சாதாரணக் கிருமிகூட ஆளைச் சாய்த்துவிடும். ஆகவே ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். 'காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் வந்தால், நடு இரவானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள்' என்று ஓர் அட்டையில் எழுதி அதோடு கட்டிவிடுங்கள். பையில் வேறு எது விட்டுப்போனாலும் இது விட்டுப்போகக் கூடாது.

மஞ்சள் தூளையும் எடுத்துவிடுங்கள். குழம்பில் போடும் மஞ்சள் வேறு. மருந்தென்று நினைத்துக் கரண்டி கரண்டியாகக் கரைத்துக் குடிப்பது வேறு. டாக்டரைக் கேட்காமல் அதைச் செய்யக் கூடாது.

போர்வைக்குப் பேர்போன சென்னிமலையில் இருந்துகொண்டு அதை விட்டுவிட்டீர்களே! கீமோ போடும் அறையில் ஏசி குளிரும். ஊசி குத்திய கையை நீட்டியபடி மணிக்கணக்கில் உட்கார வேண்டும். முதல் நாள் அக்கா என் துப்பட்டாவைத்தான் காலில் சுற்றிக்கொண்டார். கனமில்லாத பருத்திப் போர்வை ஒன்று, சாக்ஸ் ஒரு ஜோடி வையுங்கள். ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏறுகிறவர்களுக்குக் குளிர்ந்த டம்ளரைத் தொட்டாலே விரல் நுனியில் சுரீர் என்று மின்சாரம் பாய்வது போலிருக்கும். வெந்நீர் பிளாஸ்க் அவர்களுக்குப் பெரிய உதவி.

சேலைக்குப் பதில் முன்பக்கம் பட்டன் வைத்த தளர்வான நைட்டி நல்லது. திருப்பூரில் மெல்லிய பனியன் துணி வாங்கித் தொப்பி தையுங்கள். தையல் வெளிப்பக்கம் இருக்கட்டும். முடி கொட்டிய தலையில் நூல் உரசினால்கூட எரியும். வாய்ப்புண்ணுக்கு மிக மிருதுவான பிரஷ் வையுங்கள். சிலருக்கு வாயெல்லாம் இரும்பு ருசி அடிக்கும் என்பதால் ஒரு மரக்கரண்டியும் இருக்கட்டும். அக்கா எவர்சில்வர் ஸ்பூனைத் தள்ளிவிட்டுக் கொட்டாங்குச்சி அகப்பையில் கஞ்சி குடித்தார்.

வார்டு நர்ஸிடம் ஒரு பையைக் காட்டிச் சம்மதம் வாங்கிய பிறகு மற்றவற்றைத் தயார் செய்யுங்கள். கொடுக்கும்போது போட்டோ எடுக்காதீர்கள். பையின் மேல் 'புற்றுநோய்' என்ற சொல்லை அச்சிடவே வேண்டாம். பஸ்ஸில் அதைத் தூக்கிக்கொண்டு போகப் போகிறவர் அவர். உள்ளே, உங்கள் தோழி தன் கையால் நாலு வரி எழுதி வைக்கட்டும். தனக்கு எந்த மாதம் முடி மறுபடி முளைத்தது என்பதை மறக்காமல் எழுதச் சொல்லுங்கள். சிகிச்சை முடித்தவர் யாரைப் பார்த்தாலும் என் அக்கா முதலில் கேட்டது அதைத்தான்.