ராத்திரி பதினொரு மணித் தோசை

கேள்வி: வணக்கமுங்க அம்மா. எனக்கு வயது 28. கிணத்துக்கடவு பக்கம் கிராமம். கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருக்கிறேன். காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்தரை வரை டியூட்டி. ஏழு பத்துக்குப் பிரிவில் நின்றால் கம்பெனி வேன் வந்துவிடும். என் பிரச்சினை தூக்கம். தினமும் ஆறு மணி நேரம் தூங்கியும் காலையில் அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. போன மாதம் தூக்கக் கலக்கத்தில் ஒரு லாட் ஷாஃப்டுக்கு அளவைத் தப்பாக எழுதி மெமோ வாங்கிவிட்டேன். அலாரம் வைத்தால் அணைத்துவிட்டுத் தூங்கிவிடுகிறேன். ஐந்தரையிலிருந்து அம்மா நாலு தடவை எழுப்பினால்தான் ஆறேகாலுக்கு எழுந்திருக்க முடிகிறது. அம்மா எப்படியும் நாலேகாலுக்கே பால் கறக்க எழுந்துவிடுவதால் அவங்களுக்கு அதில் சிரமமில்லை. சாயங்காலம் வந்து குளித்துவிட்டு எட்டு மணிக்குப் பசங்களோடு பேக்கரிக்குப் போவேன், எனக்கு இருக்கிற ஒரே பொழுதுபோக்கு அதுதான். பதினொரு மணிக்குத் திரும்பினால் அம்மா கதவைத் திறந்து சூடாகத் தோசை ஊற்றித் தருவாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் போன், பன்னிரண்டே முக்காலுக்குத் தூங்கிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி வரை தூங்கி ஈடுகட்டிக்கொள்கிறேன். நண்பன் தூக்கத்துக்கென்று ஒரு அட்டை மெலடோனின் மாத்திரை கொடுத்திருக்கிறான். அம்மாவுக்குச் சுகர் மாத்திரை வாங்கப் போனபோது மெடிக்கலில் விசாரித்தேன், டாக்டரைக் கேளுங்கள் என்றார்கள். போடலாமா? தலையணையை மாற்றலாமா? அப்பா இல்லை, அம்மாவும் நானும்தான். ஜாதகம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்று அம்மா சொல்கிறார்கள்.

– பெயர் வேண்டாம், கிணத்துக்கடவு

பதில்: 'நீங்கள்' போட்டுத்தான் எழுத ஆரம்பித்தேன். கடிதத்தை இரண்டாம் தடவை படிக்கும்போது 'சிரமமில்லை' என்ற இடத்தில் கண் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு 'நீங்கள்' வரவில்லை. என் சின்ன மகன் வயதுதான் உனக்கு. நீ என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

தலையணை இருக்கட்டும். அவங்களுக்குச் சிரமமில்லை என்று உனக்கு யார் சொன்னது? அம்மா சொன்னாரா? நீ கேட்டாயா?

நீ பார்ப்பது குவாலிட்டி வேலை. மைக்ரோமீட்டரை வைத்து ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தப்பினாலும் பீஸை எடுத்துத் தனியாக வைக்கிற ஆள். சரி, உன் வீட்டையும் ஒரு தடவை அளந்துவிடலாம். பதினொரு மணிக்கு நீ வருகிறாய். அம்மா அடுப்பைப் பற்ற வைத்து, கல் காய்ந்து, தோசை ஊற்றி, நீ தின்று முடித்து, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுக்கும்போது பதினொன்றே முக்கால். நாலேகாலுக்கு எழுந்திருக்கிறார். நாலரை மணி நேரம். அதுவும் தலை சாய்ந்த நிமிஷமே தூங்கிவிட்டால். சாயங்காலம் கண் அசந்திருப்பார் என்று சொல்வாய். எங்கே அசருவது? பைக் இட்டேரிக்குள் திரும்புகிற சத்தம் கேட்கிறவரைக்கும் ஒரு காது வாசலில்தான் இருக்கும். எந்த நாய் எதற்குக் குரைக்கிறது என்றுகூட உன் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும், கேட்டுப் பார்.

இப்போது உன் கணக்கு. ஆறு மணி நேரம் என்று எழுதியிருக்கிறாய். பன்னிரண்டே முக்காலிலிருந்து ஐந்தரை வரை நாலே முக்கால் மணி நேரம், அவ்வளவுதான். ஐந்தரைக்கும் ஆறேகாலுக்கும் நடுவில் இருக்கிற முக்கால் மணி நேரத்தை நீ தூக்கத்தில் சேர்த்திருக்கிறாய், சேர்த்தாலும் ஐந்தரைதான் வருகிறது, ஆனால் அது தூக்கத்திலும் சேராது, விழிப்பிலும் சேராது. கட்டுத்தறியிலிருந்து வந்து ஒரு தடவை, கேனை எடுத்துக்கொண்டு பால் சொசைட்டிக்குக் கிளம்புமுன் ஒரு தடவை, ஊற்றிவிட்டுத் திரும்பி வந்து ஒரு தடவை, காபியோடு ஒரு தடவை. 'எந்திரி சாமி, மணியாச்சு' என்று ஒவ்வொரு தடவையும் அம்மா சொல்ல, ஒவ்வொரு தடவையும் உன் மூளை பாதி எழுந்து மறுபடி சரிகிறது. எழுந்த பிறகு கால் மணி, அரை மணி மந்தமாக இருப்பது யாருக்கும் உள்ளதுதான். நீ அந்த மந்தத்துக்குள் ஒரே காலையில் நாலு தடவை இறங்கி ஏறுகிறாய். அடித்துப் போட்ட மாதிரிதான் இருக்கும்.

உனக்குத் தூக்க வியாதி எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. உனக்கு இருப்பது அம்மா. அலாரமும் அவர்தான், கதவுச் சாவியும் அவர்தான், ராத்திரிக் கேன்டீனும் அவர்தான். ஒரு ஆள் மூன்று ஷிப்ட் பார்க்கிறார், அதனால் உனக்கு ஒரு ஷிப்டுக்கும் நேரத்தோடு எழ வேண்டியதில்லை.

வயசானவங்களுக்குத் தூக்கம் அவ்வளவாகத் தேவைப்படாது என்று நம் பக்கம் ஒரு பேச்சு உண்டு. மகன்களுக்கு ரொம்ப வசதியான பேச்சு. உன் அம்மாவுக்கு மிஞ்சிப்போனால் ஐம்பத்தைந்து வயது இருக்கும். வளர்ந்தவர்களுக்குத் தினமும் குறைந்தது ஏழு மணி நேரம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவர்களின் அமைப்புகள் 2015-ல் கூடிச் சொன்னது அவருக்கும் சேர்த்துத்தான். அறுபத்தைந்து தாண்டியவர்களுக்கே ஏழெட்டு மணி நேரம் சொல்கிறார்கள். வயதானால் குறைவது தூங்க முடிகிற நேரம். தேவை அப்படியே இருக்கிறது.

அப்புறம் அந்தச் சுகர் மாத்திரை. அதை வாங்கப் போன இடத்தில் கைவாக்கில் உன் மாத்திரையைப் பற்றி விசாரித்ததாக எழுதியிருக்கிறாய். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான வாலிபர்கள் 11 பேரை வரிசையாக ஆறு ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தார்கள், 1999-ல் வெளிவந்தது. எந்த நோயும் இல்லாத பையன்கள். ஆறே நாளில், ரத்தத்தில் ஏறிய சர்க்கரையை இறக்குகிற சக்தி அவர்கள் உடம்பில் கண்கூடாகக் குறைந்துவிட்டது. உன் அம்மா எத்தனை வருடமாக நாலரை மணி நேரம் தூங்குகிறார்? உன்னால்தான் அவருக்குச் சுகர் வந்தது என்று சொல்லமாட்டேன், அது பரம்பரையிலும் வரும், சாப்பாட்டிலும் வரும். ஆனால் காலையில் அவர் போடுகிற மாத்திரையை ராத்திரி பதினொரு மணித் தோசை கொஞ்சமாவது தின்றுவிடுகிறது. அவரும் உனக்காகக் காத்திருந்து அந்த நேரத்தில்தான் சாப்பிடுகிறாரா என்று நீ எழுதவில்லை. எனக்கு என்னவோ அப்படித்தான் இருக்கும் என்று படுகிறது.

என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் மூத்தவன் வேலைக்குப் போன புதிதில் இதையேதான் செய்தான். நானும் ஒரு வருடம் ராத்திரி பதினொரு மணிக்குத் தோசைக்கல்லைக் காய வைத்தேன். பிள்ளை உழைத்துவிட்டு வருகிறான் என்று பெருமை வேறு. உழைப்பு ஆறு மணிக்கே முடிந்துவிட்டது, அதற்குப் பிறகு அரட்டைதான் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஒரு நாள் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். பைக் வந்தது, கதவைத் தட்டினான், 'அம்மா' என்று இரண்டு தடவை கூப்பிட்டான். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன், நெஞ்சு அடித்துக்கொண்டது வேறு விஷயம். அன்று திண்ணையில் கொசுக்கடியில் படுத்தான். மறுநாள் எட்டரைக்கு வீட்டில் இருந்தான். ஒரு வருடம் நான் செய்தது பாசம் என்று நினைத்திருந்தேன். அவனைக் கெடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். உன் அம்மா மேலும் எனக்குக் கோபம் உண்டு, தாழ்ப்பாள் போட அவருக்கு மனசு வராது. அதனால் வீட்டுக்கு நேரத்தோடு வருகிற பொறுப்பு உன் தலையில்தான் விழுகிறது.

பேக்கரியை நான் குறை சொல்லவில்லை. கோயமுத்தூர்ப் பக்கத்து ஆண்பிள்ளையிடம் பேக்கரிக்குப் போகாதே என்றால் மூச்சு விடாதே என்ற மாதிரி. ஆனால் அங்கே என்ன நடக்கிறது? எட்டரைக்கு ஒரு டீ, ஒன்பதரைக்கு இன்னொரு டீ, நடுவில் தள்ளுவண்டியில் ஒரு தட்டுக் காளான். டீயில் இருக்கிற கஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஒன்பதரைக்குக் குடித்ததில் பாதி, ராத்திரி இரண்டரைக்கும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. நீ தூங்குவதாக நினைத்துக்கொண்டிருக்கிற நேரம் அது.

இன்னொன்று, திரும்பி வரும்போது பைக் ஓட்டுவது நீதானே? ஆறேகாலுக்கு எழுந்தவனுக்குப் பதினொரு மணிக்கு ஏறக்குறையப் பதினேழு மணி நேரம் ஆகிறது. பதினேழு மணி நேரம் விழித்திருக்கிறவனின் கையும் கண்ணும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் சாராயம் இருக்கிறவனைப் போலத்தான் வேலை செய்கின்றன என்று ஆஸ்திரேலியாவில் 1997-லேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். நம் ஊரில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே போலீஸ் கேஸ். நீ வெறும் டீதான் குடித்தாய், வாயில் ஊதச் சொன்னால் மெஷின் ஒன்றும் காட்டாது. பொள்ளாச்சி ரோட்டில் பின்னால் வருகிற லாரிக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

இப்போது கல்யாணத்துக்கு வருகிறேன். இந்த ஒரு வரிக்காகவே உனக்குத் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும். கல்யாணமானால் எப்படிச் சரியாகும், சொல் பார்க்கலாம்? வருகிற பெண் ஐந்தரையிலிருந்து நாலு தடவை எழுப்புவாள், பதினொரு மணிக்குக் கதவைத் திறப்பாள், அம்மா நிம்மதியாகப் படுப்பார், அதானே? அந்தப் பெண்ணும் காலையில் வேலைக்குப் போகிறவளாகத்தான் இருப்பாள். இன்றைக்கு நம் பக்கம் பையன் வீட்டார் ஜாதகக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைகிறார்கள், பெண் வீட்டார் விசாரிக்காமல் தலையாட்டுவதில்லை. சம்பளத்தை விசாரிப்பார்கள், தோட்டம் எத்தனை ஏக்கர் என்று விசாரிப்பார்கள். நான் பெண்ணைப் பெற்றவளாக இருந்தால், பையன் தானாக எழுந்திருக்கிறானா என்றுதான் முதலில் விசாரிப்பேன். அம்மா எழுப்பி எழுகிற பையனுக்குக் கல்யாணம் செய்துவைப்பதே தப்பு என்பது என் கட்சி. பெரிய வார்த்தை என்று உனக்குத் தோன்றினால் தோன்றட்டும்.

சரி, செய்ய வேண்டியது. நாளைக்கே அம்மாவிடம், இனிமேல் என்னை எழுப்பாதீங்க என்று சொல்லிவிடு. நம்பமாட்டார். முதல் இரண்டு நாள் மனசு கேட்காமல் வாசற்படியில் வந்து நிற்பார். போனை அறைக்கு வெளியே சமையலறையில் வைத்துவிட்டுப் படு. அலாரத்தை அணைக்க எழுந்து நடந்துதான் ஆகவேண்டும், ராத்திரி போன் பார்க்கிற பேச்சும் இல்லை. ஐந்து மணிக்கு எழு. கறந்து வைத்த பாலை இனி நீ எடுத்துக்கொண்டு போ. பால் சொசைட்டிக்குக் கேனைத் தூக்கிக்கொண்டு நடந்துபோய், டிகிரி பார்த்து, அளந்து ஊற்றிவிட்டு வரும்போது கிழக்கே வெளுத்திருக்கும். அந்த வெளிச்சம் கண்ணில் படுவதைப் போல உடம்பின் கடிகாரத்தை நேராக்குகிற மருந்து எந்த அட்டையிலும் இல்லை. ஐந்துக்கு எழுகிறவனுக்கு ராத்திரி ஒன்பதரைக்குத் தானாகக் கண் சொருகும், ஒரு வாரம் பொறுத்துக்கொள். ஏழரை மணி நேரம் உனக்குக் கிடைக்கும். நீ எட்டரைக்குச் சாப்பிட உட்கார்ந்தால் ஒன்பதேகாலுக்கு அம்மா தலை சாய்க்கலாம், அவருக்கும் ஏழு மணி நேரம். பேக்கரிக்கு ஏழு மணிக்குப் போ, டீ வேண்டாம், ஒரு தேங்காய் பன்னைத் தின்றுவிட்டு எட்டேகாலுக்குக் கிளம்பு. பசங்க கேலி செய்வார்கள். செய்யட்டும், அவர்கள் வீட்டிலும் ஒரு அம்மா முழித்துக்கொண்டிருப்பார்.

மாத்திரை அட்டையை நண்பனிடமே திருப்பிக் கொடு. ஒரு மாதம் இப்படி இருந்தும் காலையில் அசதி போகவில்லை என்றால், பலமாகக் குறட்டை விடுகிறாய், நடுவில் மூச்சு நின்று திணறுகிறாய் என்று அம்மா சொன்னால், டாக்டரிடம் போ. அது வேறு சமாச்சாரம், அதற்கு வைத்தியம் இருக்கிறது. தலையணையை மாற்றுவதும் மாற்றாததும் உன் இஷ்டம்.

கடைசியாக அந்த ஞாயிற்றுக்கிழமை. பதினொரு மணி வரை தூங்குவதால் எல்லாம் ஈடாகிவிடுவதில்லை, அன்று ராத்திரி தூக்கம் வராமல் புரண்டுவிட்டுத் திங்கட்கிழமையைக் கெடுத்துக்கொள்கிறாய். மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, ஆக அம்மாவுக்கும் கிடையாது. பால் கறக்கத் தெரியுமா உனக்கு? தெரிந்தாலும் உடனே மடியில் கை வைக்காதே, புதுக் கையைக் கண்டால் மாடு பாலை அடக்கிக்கொள்ளும். இரண்டு மூன்று வாரம் அம்மா கறக்கும்போது பக்கத்தில் நின்று சோளத்தட்டைப் போடு, கழுத்தைத் தடவிக் கொடு, உன் வாசனை அதற்குப் பழகட்டும். நாலாவது ஞாயிற்றுக்கிழமை நாலேகாலுக்கு நீ எழுந்து, சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுக் கட்டுத்தறிக்குப் போ. சொசைட்டியில் கேனை இறக்கி வைக்கும்போது பால் அளக்கிறவர் கேட்பார், 'ஏன் தம்பி, அம்மா வரலீங்களா? ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?' என்று.

'தூங்கறாங்கங்க' என்று சொல்.