41 வயதுக்காரரைத் திரும்பவும் எடுக்கலாமா?

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்துச் சிரித்துவிட்டேன். உங்களை நினைத்தல்ல, என் பழைய கதையை நினைத்து. நீங்கள் ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்து எட்டு மாதம், வேர்ஹவுஸ் வேலை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும், 2025 சீசனோடு ஒப்பந்தம் முடிந்த 41 வயது மக்ஸ் ஷெர்சரை, இந்த ஊர்ப் பேஸ்போல் அணியான புளூ ஜேஸ் திரும்ப எடுக்க வேண்டுமா இல்லையா என்று அடிபடுகிறார்கள். கிரிக்கெட் மட்டும் தெரிந்த நீங்கள் சோற்றுப் பெட்டியைப் பார்த்தபடி இருக்கிறீர்கள். இது விளங்காமல் இங்கே காலம் தள்ள முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தள்ளலாம். முப்பது வருஷமாகத் தள்ளுகிறவர்களை எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் சொல்லும் அந்தச் சண்டை நல்ல சண்டை. அதைக் காதில் வாங்காமல் விடுவது பாவம்.

1992 ஒக்டோபர். நான் வந்து ஏழாவது மாதம். யங் வீதிப் பக்கம் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். நடுச்சாமம் தாண்டியிருக்கும், திடீரென்று வெளியே கார் ஹோர்ன், கூச்சல், சனம் ஓடுகிற சத்தம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவனுக்கு நடுச்சாமத்தில் சனம் ஓடினால் ஒரே அர்த்தம்தான். பின்கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, குசினி மூலையில் குந்திவிட்டேன். வெளியே ஆடப்போயிருந்த தலைமைச் சமையல்காரர் கதவைத் தட்டித் தட்டி, கெட்ட வார்த்தையால் ஏசித்தான் உள்ளே வந்தார். பிறகுதான் விஷயம் தெரிந்தது. அட்லாண்டாவில் நடந்த ஆட்டம் வழக்கமான ஒன்பது இன்னிங்ஸில் சமமாகி நீண்டுபோக, 11ஆவது இன்னிங்ஸில் டேவ் வின்ஃபீல்ட் அடித்த அடியில் இரண்டு ரன் வந்து, புளூ ஜேஸ் முதல்முறையாக வேர்ல்ட் சீரிஸ், அதாவது பேஸ்போலின் இறுதித் தொடரை, வென்றிருக்கிறது. வின்ஃபீல்டுக்கு அப்போது வயது 41. ரொறன்ரோவில் அவர் ஆடியது அந்த ஒரே வருஷம்தான். அடுத்த வருஷம் அவரை விட்டுவிட்டு போல் மொலிட்டரை எடுத்தார்கள். அவர் 37 வயதில் வேர்ல்ட் சீரிஸின் சிறந்த வீரரானார். ஆக, கிழடுகளை நம்புவது இந்த ஊருக்குப் புதிதல்ல.

ஆனால் அவர்கள் அடிக்கிறவர்கள். ஷெர்சர் பிட்சர், பந்தை எறிகிறவர். அங்கேதான் சிக்கல். கிரிக்கெட்டில் ஓடிவந்து எறிவது நமக்கு வேகம் தரும்; பிட்சர் நின்ற இடத்திலிருந்து, முழங்கையை மடக்கி, முழு உடம்பையும் முறுக்கி எறிய வேண்டும். ஒரு ஆட்டத்துக்குத் தொண்ணூறு, நூறு பந்து; ஐந்து நாளுக்கு ஒருமுறை; அணிக்கு வருஷத்தில் 162 ஆட்டம். ஜேம்ஸ் ஆண்டர்சன் 704 டெஸ்ட் விக்கெட்டோடு லோர்ட்ஸில் விடைபெற்றபோது அவருக்கும் 41தான். அவரால் இன்னும் முடியும் என்று பாதிப் பேரும், போதும் புதியவர்களைப் பார்ப்போம் என்று பாதிப் பேரும் கதைத்தார்கள் அல்லவா? உங்கள் சாப்பாட்டு அறையில் நடப்பதும் அதுவேதான்.

ஷெர்சர் லேசுப்பட்ட ஆளல்ல. வருஷத்தின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை மூன்று தடவை வாங்கியவர். வாஷிங்டனோடு 2019இலும் டெக்சாஸோடு 2023இலும் சாம்பியன். ஒரு கண் நீலம், மற்றது பழுப்பு. டிவியில் கிட்டக் காட்டும்போது பாருங்கள். 2025க்குப் புளூ ஜேஸோடு ஒரு வருஷ ஒப்பந்தம், 1.55 கோடி டொலர். முதல் ஆட்டத்திலேயே மூன்று இன்னிங்ஸோடு வெளியே போனார். பெருவிரல் நோ. திரும்பி வந்தது ஜூன் கடைசியில். மொத்தம் 17 ஆட்டம், ஐந்து வெற்றி, ஐந்து தோல்வி, இ.ஆர்.ஏ 5.19. இ.ஆர்.ஏ என்றால் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் கொடுக்கிறார் என்ற கணக்கு. நான்குக்குக் கிட்ட இருந்தால் பரவாயில்லை, ஐந்தைத் தாண்டினால் முகம் சுளிப்பார்கள். பிளே ஓஃப், அதாவது சாம்பியனைத் தீர்மானிக்கும் கடைசிச் சுற்றுகள், தொடங்கி, நியூயோர்க் யாங்கீஸோடு ஆடிய சுற்றில் அவரை அணியிலேயே சேர்க்கவில்லை. எடுக்கவே கூடாது என்கிறவர்கள் இந்தக் காகிதத்தைத்தான் நீட்டுவார்கள். நியாயம்தான்.

மற்றப் பக்கத்துக்காரர் நீட்டுவது ஒக்டோபர் 16ஆம் திகதி இரவை. சியாட்டில். அடுத்த சுற்றில் சியாட்டில் அணியோடு ஆடிய தொடரில் ரொறன்ரோ 2-1 என்று பின்னால் நிற்கிறது. ஐந்தாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் அவுட், ஓர் ஆள் முதல் பேஸில். மனேஜர் ஜோன் ஷ்னைடர் மைதானத்துக்குள் நடந்து வருகிறார். அப்படி வந்தால் வழக்கமாகப் பந்தை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். ஷெர்சர் அவர் முகத்துக்கு நேரே கத்தினார். எங்கள் வீட்டு வரவேற்பறையில் ஒருவரும் மூச்சு விடவில்லை. பேஸ்போல் பார்க்காத என் மனைவிகூட தேத்தண்ணிக் கோப்பையோடு அப்படியே நின்றுவிட்டாள். ஷ்னைடர் திரும்பி நடந்தார். அவர் ஷெர்சரைவிட நாலு வயதுதான் மூத்தவர், பாவம். அடுத்து வந்த அரோசரேனாவை ஷெர்சர் ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார், பந்தை அடிக்கவிடாமலே வெளியேற்றினார். ஆட்டம் 8-2, நமக்கு. பிறகு நவம்பர் 1இல் வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது ஆட்டத்தைத் தொடங்கியவரும் அவர்தான். நாலு இன்னிங்ஸுக்குச் சற்று மேலே எறிந்து கொடுத்தது ஒரே ஒரு ரன். நாங்கள் தோற்றது 11ஆவது இன்னிங்ஸில். அதைப் பற்றி இப்போதும் நான் கதைக்க விரும்பவில்லை.

சரி, என் தீர்ப்பு. எடுக்கலாம், ஆனால் ஒரு வருஷத்துக்கு மட்டும், போன முறையைவிட நல்லாக் குறைந்த காசுக்கு. இந்த ஊரில் எங்களைச் சுட்டது வயதல்ல, ஒப்பந்தத்தின் நீளம். பிட்சர் ஹியுன் ஜின் ரியுவை 32 வயதில் நாலு வருஷம், எட்டுக் கோடி டொலருக்கு எடுத்தார்கள். முதல் வருஷம் தங்கம். 2022இல் முழங்கைச் சத்திரசிகிச்சை, அதோடு ஒரு வருஷத்துக்கு மேல் ஆளே இல்லை. பேஸ்போலில் ஆடினாலும் ஆடாவிட்டாலும் சம்பளம் போய்க்கொண்டே இருக்கும். இப்போது டிலன் சீஸ் என்ற பிட்சரை ஏழு வருஷத்துக்கு 21 கோடி டொலருக்கு வாங்கியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் பயப்பட வேண்டியது அதற்கு. ஒரு வருஷக் கிழவரால் யாரும் முழுகிப்போவதில்லை.

அதோடு சீஸ், கோஸ்மன், யெசாவேஜ் என்று பிட்சர்கள் இருக்கும்போது, முறை வைத்து எறியும் ஐந்து பேருக்குப் பிறகு ஷெர்சர் ஆறாவது ஆளாக இருந்தால் போதும். அவர் இருந்தால் இளம் பொடியன்கள் படிப்பார்கள் என்றும் ஒருவர் கட்டாயம் சொல்லுவார். அதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. படிப்பிக்கத்தான் பயிற்சியாளர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

நாளைக்குச் சாப்பாட்டு அறையில் ஒன்றும் தெரிந்த மாதிரி நடிக்க வேண்டாம். யாராவது அவரை எடுக்க வேண்டும் என்றால், எத்தனை வருஷத்துக்கு, எவ்வளவுக்கு என்று மட்டும் கேளுங்கள். மிச்சத்தை அவர்களே கதைப்பார்கள். ஏப்ரலில் ஒருநாள் சொல்லுங்கள், மேல்தட்டில் மலிவு ரிக்கெற் எடுத்து இருவருமாகப் போவோம். கடலை நான் கொண்டுவருகிறேன், அங்கே விற்கிற விலைக்கு வாங்க மனம் வராது.