தாத்தாவின் ஆங்கிலேய இரட்டைக்குழல் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு, பெட்டியை மட்டும் விற்கலாமா?

பெட்டியைத் தனியாகக் கொடுக்காதீர்கள். தாத்தா காலமாகிவிட்டார், லைசென்ஸ் அவர் பெயரில் இருக்கிறது, வீட்டில் யாருக்கும் துப்பாக்கி வேண்டாம், பழம்பொருள் வாங்குகிறவர் பெட்டியின் மேல் கண் வைத்திருக்கிறார். உங்கள் நிலைமை இதுவாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டிலும் இதேதான் நடந்தது.

ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருந்த துரை, சுதந்திரத்துக்குப் பிறகு ஊருக்குக் கிளம்பியபோது, தோட்டத்தில் கணக்கெழுதிய என் தாத்தாவுக்கு விற்றுவிட்டுப் போன துப்பாக்கி எங்களுடையது. பர்மிங்காம் வேலை, குழலின் அளவு பன்னிரண்டு போர் (bore). ஓக் மரத்தின் மேல் தோல் போர்த்தி, மூலைக்கு மூலை பித்தளை அடித்த பெட்டி. உள்ளே சிவப்புக் கம்பளித் துணி ஒட்டி, குழலுக்கு, கட்டைக்கு, எண்ணெய்ப் புட்டிக்கு, திருப்புளிக்கு என்று அளவெடுத்துத் தடுத்த அறைகள். அந்தத் துப்பாக்கியைத் தவிர வேறெதுவும் அதில் சரியாக உட்காராது. அப்பா இறந்ததும் வந்த வியாபாரி, "பெட்டியை மட்டும் கொடுங்கள் சார், மேலே கண்ணாடி போட்டால் அருமையான டீப்பாய்" என்றார். சித்தப்பா சம்மதித்துவிட்டார். நான் விடவில்லை.

மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். செய்தவர் பெயரும் கடை முகவரியும் இருக்கும். துப்பாக்கியின் வயதைச் சொல்ல அந்த முகவரி பெரிய சாட்சி. துப்பாக்கி செய்யும் லண்டன் பர்டி நிறுவனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: 1880களின் தொடக்கம் வரை ஆக்ஸ்போர்டு தெரு, அதன் பிறகு சவுத் ஆட்லி தெரு. துப்பாக்கியையும் பெட்டியையும் பிரித்துவிட்டால் இந்தச் சாட்சியும் போய்விடும். மிச்சம் இருப்பது யாரோ செய்த பழைய துப்பாக்கி.

குழலைக் கழற்றி அடிப்பக்கமும் பாருங்கள். குழல் வெடியைத் தாங்குமா என்று சோதித்துப் பார்த்த சோதனைச்சாலையின் முத்திரைகள் அங்கே இருக்கும். எங்கள் குழல் டமாஸ்கஸ்: இரும்பையும் எஃகையும் சேர்த்து முறுக்கி, சுருளாகச் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டியது. வெளிச்சத்தில் சாய்த்தால் பழுப்பு நிறத்தில் சுருள் சுருளாகக் கோலம் தெரியும். பழைய காலக் கறுப்பு வெடிமருந்துக்கு மட்டும் சோதித்த இப்படிப்பட்ட குழலில் இன்றைய தோட்டாவைப் போட்டால் குழல் வெடித்துக் கை போய்விடலாம். யார் ஆசை காட்டினாலும் சுட்டுப் பார்க்காதீர்கள்.

கொல்லும் கருவி மேல் இத்தனை பாசமா என்று சிலர் கேட்பார்கள். வேட்டைக்கு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1991இல் வந்த திருத்தத்தோடு சேர்ந்து, முற்றுப்புள்ளி வைத்தது. அது சரியான சட்டம் என்றே நினைக்கிறேன். நான் மதிப்பது கைவேலையை. லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லவில்லை. பழம்பொருளுக்கு ஆயுதச் சட்டத்தில் விலக்கு உண்டு என்று பலர் அளக்கிறார்கள். பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருப்பதற்குத்தான் அந்த விலக்கு. அதை நம்பி பரணில் வைத்துவிடாதீர்கள்.

சட்டப்படி நடக்கிறவன் படும் பாட்டையும் சொல்லியாக வேண்டும். தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பெட்டியோடு கொண்டுபோனேன். "பதிவேட்டில் துப்பாக்கிக்குத்தான் இடம், பெட்டியை எடுத்துப் போங்கள்" என்று, துப்பாக்கியை வெறும் சாக்கில் சுற்றிச் சுவரில் சாய்த்தார்கள். நூறாண்டுக்கு மேல் துரு காணாத குழல், முடிவு வந்து திரும்பியபோது புள்ளி புள்ளியாகத் துருப்பிடித்திருந்தது. கட்டையில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு பள்ளம். குற்றம் செய்யாதவனின் பொருளை இப்படியா வைப்பது? கேட்டதற்குப் பதில் சொல்ல ஆள் இல்லை.

ஆகவே வாரிசு லைசென்ஸ் வாங்கும் எண்ணம் இருந்தால், அது வரும்வரை துப்பாக்கியை லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடம் பெட்டியோடு ஒப்படையுங்கள். விற்பதானாலும் அவர் மூலமாகவே, இரண்டையும் சேர்த்தே விற்றுவிடுங்கள். ரசீதில் துப்பாக்கி எண்ணோடு பெட்டி, எண்ணெய்ப் புட்டி, திருப்புளி, துடைக்கும் கோல் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள்.