இன்னொரு கார்மென்ட்ஸ் யூனிட்டை வாங்கினால் ஏற்றுமதியில் விலை குறைக்க முடியுமா?

கேள்வி பெங்களூரு பீனியாவில் சட்டை தைத்து ஏற்றுமதி செய்பவருடையது: அதே ஊரின் பொம்மனஹள்ளியில் இதே வேலை செய்யும் யூனிட்டை வாங்கலாமா?

தையல் செலவு குறையும் என்று நம்பி வாங்காதீர்கள். ஒரு சட்டை தைக்கக் கணக்கிட்ட நேரம் (சாம்) 20 நிமிடம் என்றால், 50 டெய்லர் உள்ள லைன் 480 நிமிட ஷிப்டில் 50 சதவீத எஃபிஷியன்சியில் 600 பீஸ் தரும். 60 சதவீதத்தில் 720. கூடுதல் 120 பீஸ் லைன் பேலன்சிங்கால், அதாவது யாரும் காத்திருக்காதபடி வேலையைச் சமமாகப் பிரிப்பதால் வருவது. இரண்டு கட்டடத்துக்கும் ஒரே முதலாளி என்பதால் ஒரு பீஸ்கூட ஏறாது.

மிச்சமாவது சாம்பிள் ரூம், மெர்ச்சண்டைசர் (ஆர்டரைக் கவனிப்பவர்), ஷிப்பிங் டாக்குமென்ட் வேலைகளில்தான். சேர்த்து வாங்கினால் துணி மலிவு என்பார்கள். துணி வாங்கும் மில்லையும் விலையையும் பையரே (ஆர்டர் தருபவர்) குறித்துக் கொடுக்கும் ஆர்டரில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. உங்கள் துணியில் எத்தனை சதவீதம் அப்படி வருகிறது என்று முதலில் பாருங்கள்.

உண்மையான லாபம், காலியாக நிற்கும் மாதங்கள் நிரம்புவது. இரு யூனிட்டின் கடைசி 24 மாத ஷிப்மென்ட்டை பையர் வாரியாக, மாத வாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஒருவருக்கு மந்தமான மாதத்தில் மற்றவருக்கு வேலை இருந்தால் வாங்கலாம். இருவருக்கும் ஒரே பையர் என்றால் ஆபத்து: ஒரே கையில் இவ்வளவு ஆர்டரா என்று பாதியை வெளியே கொடுப்பார், அல்லது விலையைக் குறைக்கச் சொல்வார்.

பெரியவர்கள் வாங்குவது தங்களிடம் இல்லாததை. பெங்களூரின் கோகல்தாஸ் எக்ஸ்போர்ட்ஸ் வாங்கிய அட்ராகோ என்ற ஆடை நிறுவனத்துக்குக் கென்யாவில் ஆலைகள். இன்னொன்றான மேட்ரிக்ஸ், குருகிராமின் பின்னலாடை நிறுவனம். புது நாடு, புதுச் சரக்கு. ஆனால் கென்யாவுக்கு அமெரிக்கா தந்த அகோவா (ஆப்பிரிக்க நாடுகளுக்கான) வரிச்சலுகையின் கெடு 2025 செப்டம்பர் 30-இல் முடிந்தது; பிறகு 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. சலுகையை நம்பி விலை பேசுபவர் அதன் தேதியையும் பார்க்க வேண்டும்.

பலர் சறுக்குவது இபிசிஜியில், அதாவது ஏற்றுமதிக்காக மெஷினை இறக்குமதி வரியில்லாமல் கொண்டுவரும் திட்டத்தில். அந்த லைசென்ஸில் வரியில்லாமல் வந்த மெஷின்களுக்கு, கட்டாமல் மிச்சப்படுத்திய வரியைப்போல் 6 மடங்கு ஏற்றுமதியை 6 ஆண்டில் காட்ட வேண்டும். அதை முடித்ததற்கான டிஜிஎஃப்டி (மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தகத் துறை) சான்று வரும்வரை மெஷினைக் கைமாற்ற முடியாது. கம்பெனியை விட்டுவிட்டு யூனிட்டை மட்டும் வாங்கினால் இங்கேதான் மாட்டுவீர்கள். பழைய பிஎஃப் பாக்கியும் கூடவே வரும். பையரின் ஃபேக்டரி அப்ரூவல் தானாக வராது. புதிதாக ஆடிட் கேட்பார்கள்.

ஆகவே விலையில் ஒரு பங்கை எஸ்க்ரோவில் (மூன்றாம் நபர் காக்கும் கணக்கில்) வைத்து, டிஜிஎஃப்டி சான்றும் முதல் ஷிப்மென்ட்டும் முடிந்தபின் விடுவிப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.